கல்லிலிருந்து தொடங்கும் காலை நடை: இராயபுரம் முதல் காசிமேடு வரை

வடசென்னையில் நடக்கும் மரபு நடைகள் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றியே பேசும். கடந்த ஞாயிறன்று நாங்கள் சென்ற நடையோ கல்லைப் பற்றியது. அதை நடத்துபவர் ஓய்வுபெற்ற நிலவியலாளர். பல ஆண்டுகள் மலை மலையாக அலைந்து வரைபடம் தயாரித்து, பின்னர் அருங்காட்சியகக் காப்பாட்சியராகி, இன்று மரபுப் பாதுகாப்புக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்குகிறார். 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் பத்து நிமிடம் மட்டுமே நின்ற அவர், காசிமேட்டில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்.

உடைந்த பாறை ஒன்றின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். புழுதிச் சாம்பல் நிறம் போய், எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்த கருமை தெரிந்தது. லென்ஸை என் மகனிடம் தந்து, "தம்பி, கண்ணாடி மாதிரி மினுக்குதே, அதான் குவார்ட்ஸ்" என்றார். இந்தப் பாறையின் பெயர் சார்னோக்கைட். பரங்கிமலையும் பல்லாவரமும் இதே பாறைதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை வைத்தே நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இப்பாறைக்கு அப்பெயரைச் சூட்டினார்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கால மனிதரின் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் நிலவியலாளரே. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஊர் கொசத்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது. நாங்கள் எண்ணூரில் தினமும் பார்க்கும் அதே ஆறுதான் என்று கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. ஃபூட்டின் சேகரிப்பு 1904இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதன் விளக்கப் பட்டியலை அவரே எழுதினார். தன் காப்பாட்சியர் பணியை விளக்க எங்கள் நடையை நடத்தியவர் எடுத்துக்கொண்டதும் அந்தப் பட்டியலைத்தான்: "எங்க எடுத்ததுன்னு எழுதி வைக்கலேன்னா, கோடரியும் ஜல்லியும் ஒண்ணுதான் சார்."

காலை ஆறரைக்கே தொடங்குவதால் வெயில் தாக்கவில்லை. பாறைகளில் ஏற வேண்டியிருப்பதால் நல்ல காலணி அவசியம். பெரிய குறை ஒன்று உண்டு: அமைப்பாளர்கள் தரும் கையேடு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. வலையைப் போட்டுவிட்டு வந்து கடைசிவரை நின்று கேட்ட மீனவர் ஒருவர், "இதையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா சார், பசங்களுக்குக் காட்டணும்" என்றபோது, அவர் கையில் கொடுக்க ஒரு தமிழ்த் தாள் கூட இல்லை.