தரங்கம்பாடிப் புதிய ஏற்பாடு (1714–15): அச்சும் தமிழும் எப்படி?

தமிழில் முதலில் அச்சேறிய நூல், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் ஜெர்மானிய லுத்தரன் (புராட்டஸ்டண்ட்) மிஷனரி சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. 1578-லேயே கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ வந்துவிட்டது. 1586-ல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’ வந்தது. சீகன்பால்கின் நூலுக்கு இரவல் பெருமை தேவையில்லை. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ல் அச்சாயின. மீதிப் பகுதி 1715-ல் முடிந்தது.

ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் எழுத்து, தாள், நடை என்று பார்ப்போமே, அதே கண்ணால் இதையும் பார்க்கலாம்.

முதலில் எழுத்து. அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து, கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் கொடை. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். கூடவே வந்த அச்சர் யோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் வந்துசேர்ந்தபோது அதோடு இருந்தவை போர்த்துக்கீசிய நூல்களுக்கான ரோமன் எழுத்துகள் மட்டுமே. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டி வார்த்து, 1713-ல் யோகான் காட்லீப் ஆட்லரோடு அனுப்பினார்கள். வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. அனுப்பிய மாதிரியைப் பார்த்து வெட்டினார்கள். எழுத்து விறைப்பாகவும் பெரிதாகவும் அமைந்துவிட்டது.

பெரிய எழுத்தென்றால் அழகு கெடுவது மட்டுமல்ல. அதே எழுத்தில் முழுப் புதிய ஏற்பாட்டையும் அடிக்கக் கையிருந்த காகிதம் போதாது; காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆகவே ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வெட்டி வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டையும் உருக்கினார்கள் என்கிறது மிஷன் வரலாறு. ஈயம் தனியாக இருந்தால் மிருதுவானது, அழுத்தத்தில் முனை மழுங்கிவிடும்; ஆன்டிமனி போன்றவை கலந்தால்தான் நிற்கும். அந்த நிலையில் இவ்வளவு பக்கங்களை அடித்து முடித்ததற்கே முழு மதிப்பெண் தர வேண்டும். பக்கத்து ஊரான பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள், அது நிலைக்கவில்லை.

தமிழ் அச்சுக்கோப்பவரின் சுமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இ, ஈ, உ, ஊ ஏறும் உயிர்மெய்க்கு மட்டும் 18 மெய்க்கும் நான்காக 72 அச்சு வேண்டும். கொம்பு (ெ), கால் (ா) தனி. ணா, றா, னா, ணை, னை, லை, ளை ஆகியவற்றின் பழைய சேர்க்கை வடிவங்கள் அதற்கும் மேல் (இவை 1978 சீர்திருத்தத்தில்தான் தமிழ்நாட்டு அச்சிலிருந்து விடைபெற்றன). ஒரு ஃபாரம் (ஒரே தடவையில் அச்சிடும் பக்கத் தொகுதி) அடித்ததும் எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டு, அடுத்த ஃபாரத்துக்கு அதே எழுத்தைக் கோக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து குறைந்தாலும் வேலை நின்றுவிடும்.

இன்று படிக்கப் போகிறவர் தடுமாறும் முதல் இடம் கொம்பு. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வரிவடிவில் பிரித்துக்காட்டிய வீரமாமுனிவரின் திருத்தம் இந்த நூலுக்குப் பிந்தியது. எடு, ஏடு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கொடியா கோடியா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஓலை வழக்கில் ரகரமும் காலும் ஒரே வடிவம், புள்ளியும் வைப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த வாசகருக்காகச் செய்த புத்தகம் இது. முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், மத்தேயு 6-ல் வரும் ‘பரமண்டல ஜெபம்’ பகுதியை இன்றைய மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தெரிந்த வாசகம் எழுத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். பிறகு மாற்கு. நிருபங்களுக்கு (அப்போஸ்தலரின் கடிதங்களுக்கு) கடைசியில் போவது நல்லது. வாக்கியச் சிக்கல் அங்கேதான் அதிகம்.

இனித் தமிழ். 1682-ல் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸில் பிறந்த சீகன்பால்கு, டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்ப, சக மிஷனரி புளூட்சாவோடு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். 1708-லேயே தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 119 நூல்கள் கொண்ட விவரப் பட்டியல் எழுதிவிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ் அவரைக் கோட்டையில் அடைத்தார், நான்கு மாதம். 1711 மார்ச் 31-ல் மொழிபெயர்ப்பு முடிந்தது. தமிழ் மண்ணை மிதித்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை.

அந்த அவசரம் நடையில் தெரியத்தான் செய்கிறது. கடற்கரைப் பேச்சுத் தமிழும் வடசொல்லும் கலந்து வருகின்றன. மூலத்தின் வாக்கிய வரிசை பல இடங்களில் தமிழை நெரிக்கிறது. கடவுளுக்குக் கத்தோலிக்கர் ஏற்கெனவே புழங்கிய ‘சறுவேசுரன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். பின்வந்த லுத்தரன் மொழிபெயர்ப்பாளர் ஃபெப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்று மாற்றினார். லுத்தரன் மிஷனரிகளின் தமிழை வீரமாமுனிவர் கடுமையாகத் தாக்கினார். இலக்கணத்தின் பக்கம் நின்றால் அவர் சொன்னது சரிதான். ஆனால் சீகன்பால்கு நீதிநூல்களைப் படித்தவர், சிலவற்றை ஜெர்மனில் பெயர்த்தவர். செய்யுள் தமிழின் உயரம் தெரிந்தே, வாசித்தால் கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்று பேச்சு உரைநடையைத் தேர்ந்தார். தேர்வு சரி, கைப்பக்குவம் போதவில்லை. 1772-ல் வந்த ஃபெப்ரிசியுஸின் புதிய ஏற்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பக்குவம் எப்படிக் கூடிவந்தது என்பது வரிக்கு வரி தெரியும். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் சீகன்பால்கால் போக முடிந்தது. மீதியை முடித்தவர் அவருக்குப் பின்வந்த மிஷனரி பெஞ்சமின் ஷூல்ட்ஸே.

தேவ வசனத்தைப் பக்தியாகப் படிக்க விரும்புகிறவருக்கு இந்தப் பதிப்பைப் பரிந்துரைக்க முடியாது. எழுத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே மனம் போய்விடும். அச்சுக்கலை, எழுத்துரு, உரைநடை வரலாறு படிப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சீகன்பால்கு என்ற மனிதரை அறிய வேண்டுமென்றால் இது ஒன்று மட்டும் போதாது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதிய பெரிய நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அஞ்ஞானத்தை ஒழிக்க மிஷனரிகளை அனுப்பினோமே ஒழிய, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று, ஹாலேயிலிருந்து மிஷனுக்குத் துணைநின்ற ஃபிராங்கே அந்த நூலை ஒதுக்கிவைத்தார். 1867-ல்தான் சென்னையில் அச்சுக்கு வந்தது. 150 ஆண்டு அந்த உழைப்பு பெட்டிக்குள் கிடந்தது பெரிய அநியாயம்.

மூலப் பிரதிகள் அரியவை. தஞ்சை சரசுவதி மகாலில் இருந்த பிரதி 2005-ல் காணாமல்போய், லண்டனில் இருப்பதை 2022-ல் தமிழ்நாடு காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்தது. தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல், 1718-ல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளும் போங்கள். அந்த ஆலயம் திறந்து ஐந்து மாதம்கூட ஆகாத 1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். பலிபீடத்தின் முன்னே அடக்கம் செய்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பைத் திருத்த உதவிய சக மிஷனரி கிரண்ட்லரும் மறு ஆண்டே இறந்து, அதே ஆலயத்தில்தான் இருக்கிறார்.