அரிய சொற்களைத் தேட சிகாகோ தளத்துத் தமிழ் லெக்சிகன்: என் மதிப்புரை

பழைய பாட்டில் ஒரு சொல் இடறினால் நான் முதலில் போய் நிற்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி அங்கே இருக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்கள், காசு கிடையாது.

அதிகம் பேருக்குத் தெரியாத சொல்லை ‘அருஞ்சொல்’ என்கிறோம் இல்லையா, அந்த ‘அரு’வையே போட்டுப் பாருங்கள். இன்று யாராவது நன்றாகப் பாடினால் உடனே ‘அருமை’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அகராதியில் எளிதில் கிடைக்காதது, செய்யக் கடினமானது என்ற பொருள்களும் இருக்கின்றன. ‘செயற்கரிய செய்வார் பெரியர்’ என்ற குறளில் வருவது அந்தக் கடினம்தான். கிடைக்காதது மதிப்பு பெறுகிறது, மதிப்பிலிருந்து பாராட்டு வருகிறது. பாடப்புத்தகத்தில் செய்யுளுக்குக் கீழே வரும் அருஞ்சொற்பொருள், அருங்காட்சியகம் எல்லாம் இதே ‘அரு’, உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஆர்’ என்று நீண்டு ஆருயிர் ஆகிறது. இந்தக் குடும்பத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காகவே அந்தத் தளத்துக்குப் போகலாம். சிலப்பதிகாரத்தின் கடினமான சொற்களுக்கு உரை எழுதிய, அதே நூலின் இன்னொரு பழைய உரைகாரரான அடியார்க்கு நல்லாருக்கும் முந்தியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது, அரும்பதவுரையாசிரியர் என்றுதான் சொல்கிறோம். அவருடைய உழைப்பு இல்லாமல் பல வரிகள் நமக்குப் புரிந்தே இருக்காது.

சொல்லின் வேர் வேண்டுமென்றால் லெக்சிகன் மட்டும் போதாது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (இரண்டாம் பதிப்பு 1984) அதே தளத்தில் இருக்கிறது, அதையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். அரிதானதைத் தெலுங்கில் ‘அருது’ என்பார்கள், மலையாளத்தில் செல்லமானது ‘அரும’. இப்படி இன மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒரு சொல் எவ்வளவு பழையது என்று பிடிபடும். லெக்சிகன் சில சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியதைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார், அதனால் சொற்பிறப்பு விஷயத்தில் ஒரே நூலை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

சரி, குறைகள். வினைச்சொல்லை எழுத்தில் வருகிற வடிவத்திலேயே போட்டால் கிடைக்காது. ‘அருகிவரும்’ என்று தேடிப் பயனில்லை, தலைச்சொல் ‘அருகுதல்’ என்றுதான் இருக்கும், அதுவும் பக்கம் என்ற பொருளுள்ள ‘அருகு’ குறுக்கே வந்து நிற்கும்போது புதிதாக வருபவர் குழம்பிப்போவார். மேற்கோள் நூல்களுக்குத் தருகிற சுருக்கக் குறிகள் இன்னொரு தலைவலி: ‘பிங்.’ என்றால் பிங்கல நிகண்டு, ‘திவா.’ என்றால் திவாகரம் (இரண்டுமே செய்யுளில் சொற்பொருள் தரும் பழைய நூல்கள்) என்று தெரியாதவருக்கு அந்தப் பதிவிலேயே விளக்கம் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்! விளக்கங்களில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வருவதால் கைபேசியில் படிக்கக் கண்ணைக் கட்டுகிறது.

இன்றைய வழக்குக்கு இங்கே வராதீர்கள், அதற்கு 1992-இல் முதலில் வந்து பிறகு விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கிறது. சங்கப் பாட்டோ காப்பியமோ உரைநூலோ படிப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், லெக்சிகனைப் புத்தகக்குறியில் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் சுருக்கக் குறிப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை தீரும்.