கனடாவா, ஆஸ்திரேலியாவா: நன்னடத்தை விஷயத்தில் எங்கே கெடுபிடி அதிகம்?

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பாயின்ட்ஸ் கணக்கு எல்லாம் ஓ.எம்.ஆர். டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் நன்னடத்தை என்றொரு பகுதி இருப்பதை மட்டும் பலரும் கடைசி நேரத்தில்தான் பார்க்கிறார்கள். "நம்ம மேல என்ன கேஸா இருக்கு, பிசிசி (போலீஸ் நன்னடத்தைச் சான்று) வாங்கினா போதும்" என்ற நினைப்பு. அது போதாது. நாட்டுக்கு நாடு கேள்வியே வேறு.

ஈ.சி.ஆரில் சனிக்கிழமை இரவு நடக்கும் குடிபோதைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும். "ஃபைன் கட்டியாச்சு" என்று அத்தோடு மறந்தும் விடுகிறோம். ஆனால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய பணம் அது. குடியேற்ற அதிகாரியின் பார்வையில் நீங்கள் தண்டனை பெற்றவர்.

கனடா இதில் மிகக் கடுமை. நமக்கு இங்கே என்ன தண்டனை கிடைத்தது என்பதை விட, அதே செயலுக்குக் கனடா சட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். 2018 டிசம்பர் 18 முதல் அங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அதனால் அது கடுங்குற்றப் பட்டியலுக்குப் போய்விட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தது என்றால், காலம் கடந்தால் தானாகச் சரியாகும் என்ற பழைய வழியும் இல்லை. தண்டனை முடிந்து 5 ஆண்டு கழித்து, திருந்திவிட்டேன் என்று தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஒரு விஷயம் உதவலாம்: ரத்த அளவுக்கு அங்கே குற்ற வரம்பு 80 மில்லிகிராம். ஆகவே ப்ரீத் அனலைசர் துண்டுச்சீட்டில் இருக்கும் எண் முக்கியம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் கணக்கு தலைகீழ். 1958 குடியேற்றச் சட்டத்தின் 501-ஆம் பிரிவு, உங்களுக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையைப் பார்க்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ என்றால் நன்னடத்தைத் தேர்வில் தோல்வி. பல வழக்குகளின் தண்டனையைக் கூட்டி 12 மாதம் வந்தாலும் அதே கதிதான். ஒரே ஒரு அபராதத்தோடு முடிந்தவர் இந்த வரம்புக்குள் வரமாட்டார். ஆனால் பொதுவான நடத்தை, யாரோடு பழக்கம் என்று அகலமான வலையும் அங்கே உண்டு. அதிகாரியின் மதிப்பீட்டுக்கு இடம் அதிகம். என் கணிப்பில், பழைய சின்ன வழக்கு ஒன்றோடு இருப்பவருக்கு ஆஸ்திரேலியாவே கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது.

நியூசிலாந்தும் விதித்த தண்டனையைத்தான் முதலில் பார்க்கிறது: எப்போதாவது 5 ஆண்டு, அல்லது கடந்த 10 ஆண்டுக்குள் 12 மாதம் சிறை விதிக்கப்பட்டிருந்தால் கதவு மூடப்படும்.

குடும்பத் தகராறில் போட்ட 498ஏ (மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக) வழக்குகள்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருபவை. கைதாகி, ஜாமீனில் வந்து, கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்திருக்கும். கனடா படிவம் கைது செய்யப்பட்டீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்று நேராகவே கேட்கிறது. ஆம் என்று எழுதி ரத்து உத்தரவை இணைப்பதுதான் வழி. ஆஸ்திரேலியா நிலுவையில் உள்ள குற்றச்சாட்டையும், ஆவணத்திலிருந்து நீக்கப்பட்டது உட்பட எல்லாத் தண்டனைகளையும் கேட்கிறது. முடிந்துபோன கைது இந்த இரண்டுக்குள்ளும் வராமல் போகலாம். ஒவ்வொரு கேள்வியையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்று சொல்லும் ஏஜென்டை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். மறைத்தது தெரிந்தால் கனடாவில் 5 ஆண்டு தடை, ஆஸ்திரேலியாவில் பொதுவாக 3 ஆண்டு, அடையாளத்திலேயே பொய் என்றால் 10. வழக்கை விடப் பொய்க்குத்தான் பல நேரம் பெரிய விலை.

ஆன்சைட் (கம்பெனி வேலையாக வெளிநாடு) போய் வந்தவர்களுக்குக் கணக்கு மாறும். கனடா, கடந்த 10 ஆண்டில் தொடர்ச்சியாக 6 மாதம் இருந்த நாடுகளின் போலீஸ் சான்றைக் கேட்கும். ஆஸ்திரேலியா மொத்தமாகக் கூட்டி 12 மாதம் பார்க்கும். சிங்கப்பூரில் ஒரே மூச்சில் 8 மாதம் இருந்தவரிடம் கனடா கேட்கும், ஆஸ்திரேலியா கேட்காது. ஐந்தைந்து மாதமாக மூன்று முறை போனவருக்கு நேர்மாறு. அமெரிக்கா என்றால் கைரேகையோடு எஃப்பிஐ-க்கு அனுப்ப வேண்டும், கட்டணம் 18 டாலர்.

நம் ஊர் பிசிசிக்கு சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராக்களில் 500 ரூபாய். எந்த நாட்டுக்கு என்று அதிலேயே பெயர் போட்டுவிடுவார்கள். இரண்டு நாட்டுக்கும் முயற்சி செய்பவர் இரண்டு வாங்க வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டின் சான்று விண்ணப்பிக்கும் நாளில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் கனடா ஏற்காது. ஆஸ்திரேலியாவில் 12 மாதம் வரை செல்லும். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த பிறகு கனடா தருவது 60 நாள்தான். பிசிசிக்கான காவல் நிலைய விசாரணை அதற்குள் முடியாமல் போனால் திண்டாட்டம்.

வழக்கு எதுவாவது இருந்தால் பிசிசிக்கு முன்பே நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிவிடுங்கள். தீர்ப்பு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துத்தான் இரண்டு நாட்டுக்கும் அனுப்ப வேண்டும்.