பின் சீட்டில் நாலு வருடம்: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டேண்டம்

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மிதி மிதிப்பார். என் வேகம் வேறு. பாலக்காடு ஜில்லாவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளில் காலையில் கிளம்பினால், வேலந்தாவளம் ரோட்டில் முதல் ஆலமரத்தடியில் காலை ஊன்றிக்கொண்டு எனக்காக நிற்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது அவர் இளைப்பாறி முடித்திருப்பார், உடனே பெடலில் கால் வைத்துவிடுவார். எனக்கு நிற்கவே நேரம் இருக்காது. சேர்ந்து போகிறோம் என்று பேர்தான், வழியில் நாலு வார்த்தை பேசியது கிடையாது. ஒரு வருடம் இப்படி ஓட்டிவிட்டு, என் சைக்கிளை அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

டேண்டம், அதாவது இருவர் முன்னும் பின்னும் உட்கார்ந்து சேர்ந்து மிதிக்கும் சைக்கிள், வந்தது 2021 ஆவணியில். பெங்களூரில் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்றார். இரும்பு ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பின்னால் ஏழு என்று கியர். வெறும் சைக்கிளே 22 கிலோ. விலை 30,000 ரூபாய், குட்டியானை வாடகை தனி. இந்த நாலு வருடத்தில் 4,500 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. நான் பெரும்பாலும் பின் சீட்டுக்காரி. டேண்டம் பற்றி எழுதுகிறவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவர்களாகவே இருக்கிறார்கள், அதனால் பின்னாலிருந்து பார்த்ததைச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் ஏறுவதைச் சொல்கிறேன், பாதிப் பேர் அங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். அவர் முன்னால் பாரின் மேல் காலைப் போட்டு, இரண்டு காலையும் அகட்டித் தரையில் ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் பெடலில் வைத்துவிடுவேன். அதற்கப்புறம் நான் தரையில் கால் வைப்பதே இல்லை, சிக்னலில் நின்றால்கூட. என் பாரத்தையும் சேர்த்து அவர்தான் தாங்குகிறார். நான் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, அவருடைய வலது பெடலை மேலே கொண்டுவந்து நிறுத்துவேன். "ஆச்சுங்க" என்பேன். "மிதி அம்மணி" என்பார். இருவரும் ஒரே மிதி. அந்த முதல் மிதியில் தயங்கினால் வண்டி ஆடிவிடும், தயங்காமல் மிதித்தால் ரயில் கிளம்புகிற மாதிரி நேராகப் போகும். நாங்கள் இதைப் பழக ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். பள்ளிக்கூட மைதானத்தில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், தினம் இருபது தடவை கிளம்பி நின்றோம்.

சித்தூர் பக்கம் டீக்கடையில் நிறுத்தினால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பின்னில் இரிக்குன்ன ஆளும் சவிட்டணோ?" எங்களூர்ப் பக்கம் அதையே தமிழில் கேட்பார்கள், பின்னால் உட்கார்ந்திருக்கிறவரும் மிதிக்கணுமா என்று. ஆமாம், மிதிக்கணும். பெடல் மாட்டியிருக்கும் முன் கிராங்கையும் பின் கிராங்கையும் இடது பக்கம் ஒரு செயின் பிணைக்கிறது. பின் கிராங்கிலிருந்து வலது பக்கம் இன்னொரு செயின் சக்கரத்துக்குப் போகிறது. முன்னால் இருப்பவர் சுற்றினால் என் கால் சுற்றியே ஆகவேண்டும், நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தியாக வேண்டும். சேலை முந்தானையைச் சரிசெய்யவோ தண்ணி குடிக்கவோ நான் மட்டும் காலை நிறுத்த முடியாது. அதனால் "விடுங்க" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதைச் சொன்னால் இருவரும் மிதிப்பதை விட்டுவிடுவோம், வண்டி தானாக உருளும். அவர் எனக்குச் சொல்லும் சொற்கள் மூன்று: குழி, மேடு, கியர். குழி என்றால் நான் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிக்கொள்வேன். கியர் என்றால் மிதியை இளக்கிக்கொள்வேன், இல்லாவிட்டால் செயின் கடகடவென்று பல்லில் இடிக்கும். ஆரம்பத்தில் அவர் குழியைச் சொல்ல மறந்துவிடுவார். இடி எனக்குத்தான் விழும், ஏனென்றால் பின் சீட்டு சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பி, மாட்டினோம். யாராவது இதை வாங்கினால் முதல் நாளே அதை மாட்டிவிடுங்கள், என்னைப் போல இடுப்பு வலியோடு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் இந்த ஊருக்கு டேண்டம் பொருந்துகிற மாதிரி வேறெந்த ஊருக்கும் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்தான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். ரோடு பெரும்பாலும் மட்டம், காற்றுதான் மலை. ஆடியில் அது மேற்கேயிருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கேயிருந்து அடிக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது அதனால்தான். ஆடி மாதம் சித்தூருக்குத் தனிச் சைக்கிளில் போனால் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மட்டமான ரோட்டில் நம் பலத்தில் பெரும்பங்கைத் தின்பது காற்று. டேண்டத்தில் நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறேன். காற்றில் மோதுவது ஓர் ஆளைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், மிதிப்பதோ நாலு கால். தனியாக அவர் மணிக்கு 20, நான் 14. சேர்ந்து மிதித்தால் மட்டத்தில் 22, 23 சாதாரணமாக வருகிறது. எதிர்காற்றிலும் 16க்குக் குறைவதில்லை.

மேடு அப்படியில்லை. இருவர் பாரமும் வண்டி பாரமும் சேர்ந்து ஏறவேண்டும், தனிச் சைக்கிளைவிட மெதுவாகத்தான் ஏறும். இறக்கத்தில் அதே பாரம் வேகமாக இழுத்துப் போகும். நெல்லியாம்பதி மலைப்பாதைக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் முடிவு. அவ்வளவு பாரத்தை ரிம்மில் பிடிக்கிற பிரேக்கால் தொடர்ந்து நிறுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூபே வெடிக்கலாம். மலையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரிய டிஸ்க் பிரேக் வைத்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

பின் சீட்டின் சுகம் என்னவென்று சொல்ல வேண்டும். என் கையில் பிரேக் இல்லை, கியர் இல்லை, வளைக்க ஹேண்டில் இல்லை. என் ஹேண்டில்பார் அவர் சீட்டுக்கம்பியில் மாட்டியிருக்கிறது, பிடித்துக்கொள்ள மட்டும். முதல் மாதம் இது பெரிய வேதனை. பஸ் ஒன்று எதிரே வந்தால் என் விரல்கள் இல்லாத பிரேக்கைத் தேடும். பிறகு ஒருநாள், கொல்லங்கோட்டுக்குப் போகிற வழியில், கை தேடாமலே பஸ் கடந்து போனதைக் கவனித்தேன். அன்றிலிருந்து நான் பார்க்க ஆரம்பித்தேன். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ரோட்டைத்தான் பார்ப்பார்கள், நான் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். வயல் வரப்பில் வரிசையாகக் கரும்பனை. மழை விட்ட காலையில் நெல்லியாம்பதி மலைச்சரிவில் வெள்ளை நூல் தொங்கவிட்ட மாதிரி அருவிகள். முதலமடை ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பாரத்தையே மூடி நிற்கும் ஆலமரங்கள். நான் பார்த்ததைச் சொல்வேன், அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார். வீட்டில் இருபத்தைந்து வருடமாகப் பேசாத விஷயங்களையெல்லாம் நாங்கள் பேசியது இந்த வண்டியில்தான். அவர் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அவர் என்னிடம் முதல்முறையாகச் சொன்னது மீனாட்சிபுரம் ரோட்டில். முகம் பார்க்காமல் பேசுவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது என்று நினைக்கிறேன். குரல் மட்டும் காற்றில் பின்னால் வரும்.

இனி தொல்லைகள். பெரிய தொல்லை பின் சக்கரம். எங்கள் வண்டியில் 36 ஸ்போக்ஸ்தான். டேண்டத்துக்கென்றே செய்த சக்கரங்களில் 40, 48 என்று இருக்கும். இருவர் பாரமும் ஏறக்குறைய 130 கிலோ, அதில் பெரும்பங்கு பின் சக்கரத்தில். முதல் எட்டு மாதத்தில் மூன்று ஸ்போக்ஸ் போயிற்று, மூன்றும் கியர் பக்கம். கடைசியாகப் போனது வண்ணாமடைக்குப் பக்கத்தில், நடுப்பகலில். டணார் என்று ஒரு சத்தம், சக்கரம் கோணி பிரேக்கில் உரச ஆரம்பித்தது. தள்ளிக்கொண்டே வந்தோம். புதிதாகச் சக்கரம் கட்டித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்ட ஒரு கடைக்காரர் கட்டியதில் ஒரு மாதத்தில் மறுபடி ஒரு கம்பி போயிற்று. பிறகு எங்களூரில் வயதான ஒரு மெக்கானிக் சக்கரத்தை முழுக்கப் பிரித்து, தடிமனான ஸ்போக்ஸ் போட்டுக் கட்டினார். மீட்டர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரே பக்கத்துக் கம்பியெல்லாம் ஒரே சுருதியில் பேசுகிற வரைக்கும் நிப்பிளைத் திருகினார். அரை நாள் ஆயிற்று. மூன்று வருடமாக ஒரு கம்பி போகவில்லை.

இடதுபக்கச் செயினையும் கவனிக்க வேண்டும். அது தளர்ந்தால் ஒரு பல் தாண்டி உட்கார்ந்துகொள்ளும், அவர் கால் மேலே இருக்கும்போது என் கால் கொஞ்சம் முன்னால் போய்விடும். மேல்கீழாக அசைத்தால் அரை அங்குலம்தான் ஆடவேண்டும். முன் கிராங்க் பொருந்தியிருக்கும் கூட்டைக் கொஞ்சம் திருப்பினால் செயின் இறுகும். மாதம் ஒருமுறை நானே பார்த்துவிடுகிறேன்.

எட்டடி நீளம். திண்ணையில்தான் நிற்கிறது, மழைக்குத் தார்ப்பாய். பஸ் கூரையில் ஏற்ற முடியாது, ஊருக்குள் சந்தில் ஒரே வீச்சில் திருப்பவும் முடியாது. வழியில் கெட்டுப்போனால் பெட்டி ஆட்டோவைத்தான் கூப்பிட வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்னால் சித்தூர் ரோட்டில் கள் வண்டிகள் பறக்கும், இங்கே இறக்கும் தென்னங்கள் கேரளத்தின் மற்ற ஜில்லாக்களுக்கெல்லாம் போகிறது. நாங்கள் அவை போனபிறகே ரோட்டில் ஏறுவோம்.

போன வருடம் நான் முன் சீட்டுக்கு வந்தேன். பொள்ளாச்சியில் இருக்கும் தங்கச்சி மகனுக்குப் பதினேழு வயது. சின்ன வயதிலிருந்தே பார்வை குறைந்துகொண்டே வந்து, இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். விடுமுறைக்கு வந்தவன் வண்டியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதுல நான் ஏறலாமா?" என்று கேட்டான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒலிம்பிக்கில் 1972 வரை டேண்டம் பந்தயம் இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். பாராலிம்பிக்கில் இன்றும் இருக்கிறது. பார்வை இல்லாதவர் பின்னால், பார்வை உள்ளவர் முன்னால், அவருக்குப் பைலட் என்று பேர், இருவருக்கும் பதக்கம். எல்லாவற்றையும் அவன்தான் எனக்குச் சொன்னான்.

பெரியப்பாவோடு முதலில் போனான். திரும்பி வந்ததும், "இப்ப நீங்க ஓட்டுங்க பெரியம்மா" என்றான். எனக்கு நெஞ்சு படபடத்தது. இரண்டு வாரம் வீட்டுக்காரரைப் பின்னால் உட்காரவைத்து மைதானத்தில் பழகினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பின்னால் இருப்பவர் கொஞ்சம் எட்டிப் பார்த்தால்கூட முன்னால் ஹேண்டில் வெட்டுகிறது. மூன்று வருடமாக நான் அருவியைப் பார்க்க எத்தனை தடவை சாய்ந்திருப்பேன், அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பையன் சாயவே மாட்டான். மூட்டை வைத்த மாதிரி நேராக உட்காருவான், மிதி மட்டும் இரும்பு. நான் வீட்டுக்காரர் சொல்வதுபோல "மேடு" என்று சொன்னேன். "அது வேணாம் பெரியம்மா, மேடு கால்லயே தெரியுது. குழிய மட்டும் சொல்லுங்க" என்றான். வாய்க்கால் பாலம் தாண்டும்போது, "தண்ணி ஓடுது, ஆனா கம்மியா ஓடுது" என்றான். நான் எட்டிப் பார்த்தேன், கரையிலிருந்து ஓரடி கீழே ஓடிக்கொண்டிருந்தது. மாமரத் தோப்புகளுக்கு நடுவே போகும்போது பேசுவதை நிறுத்திவிட்டான். கொஞ்ச தூரம் போனதும், "நாமதான் இவ்ளோ வேகமாப் போறமா?" என்று கேட்டான். 24 என்று மீட்டரில் காட்டியது. சொன்னேன்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் யாருடையதையாவது கேட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு நாளில் சண்டை வரும், வந்தால் பரவாயில்லை, அடுத்த நாளும் ஏறத் தோன்றுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டியாக இருந்தால் பின் சக்கரத்தின் ஸ்போக்ஸை எண்ணுங்கள், 36 என்றால் புதிதாகக் கட்டும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இருவர் உயரத்துக்கும் ஃபிரேம் பொருந்த வேண்டும், முன்னால் இருப்பவருக்குக் கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பையன் மார்கழியில் மறுபடி வருகிறான். அந்த மாதம் கிழக்குக் காற்று. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரைக்கும் காற்றே தள்ளும், இந்தத் தடவை அங்கேயிருந்து கிளம்பலாம் என்று போனில் சொன்னான். திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டேன். "ரயில்ல வண்டிய ஏத்துவாங்களான்னு கேட்டுப் பாருங்க" என்றான். நாளைக்கு ஸ்டேஷனில் போய்க் கேட்க வேண்டும்.