அம்மாபேட்டை தள்ளுவண்டி: தட்டுவடை செட்டும் சிஎஸ்கே ஜாதகமும்

எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏழெட்டு வருஷமாகச் சாப்பிடுகிறேன், எனக்கும் பெயர் தெரியாது.

தட்டுவடை செட் அருமை. ஒரு வடையில் பச்சைச் சட்னி, இன்னொன்றில் காரச் சட்னி, நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும். கடித்தால் சத்தம் கேட்க வேண்டும், இங்கே கேட்கும். பார்சல் மட்டும் வாங்காதீர்கள், வீடு போவதற்குள் நமுத்துவிடும்.

மார்ச் பிறந்தால் இங்கே ஐபிஎல் கிரிக்கெட்டின் சென்னை அணிக்கு, அதாவது சிஎஸ்கேவுக்கு, ஜாதகம் பார்ப்பார்கள். கடைக்கார அண்ணன் நம்பிக்கைக் கட்சி. “2020-ல ஏழாவது இடம். அடுத்த வருஷமே கப்பு வாங்கலையா? 2025-ல கடைசியா வந்தா என்னங்க இப்போ?” என்பார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. பக்கத்தில் நிற்கும் தறிக்காரர் விடமாட்டார். “2021-ல ருதுராஜ் 635 ரன், டூப்ளெசி 633 ரன். ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கி நிறுத்துனாங்கண்ணா. இப்ப டூப்ளெசிக்கு எங்க போவீங்க?”

நான் தறிக்காரர் கட்சி. ஆனாலும் மஞ்சள் பனியனைத் துவைத்து எடுத்து வைத்துவிட்டேன், அது வேறு விஷயம். நம்ம சின்னப்பம்பட்டி பவுலர் நடராஜன் எந்த அணியில் இருந்தாலும் சரி, அவர் ஓவர் வந்தால் எல்லோரும் கட்சி மாறிவிடுவோம்.

ஒரே குறை: வாக்குவாதம் முற்றினால் அண்ணனுக்குக் கை தவறும். போன வாரம் ஏலப் பேச்சில் என் செட்டுக்குக் காரச் சட்னியை இரண்டு தடவை தடவிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. “பாருங்க, இப்பவே அழுவுறாரு” என்றார் தறிக்காரர்.