பிக்சல் 6ஏ-யில் சிஸ்டம் அப்டேட்: ஏற்றும்போது பயமில்லை, ஏற்றிய பிறகுதான்

அப்டேட் போட்டால் போன் டெட் ஆகிவிடும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பாதியில் சார்ஜ் தீர்ந்து, கம்பெனி லோகோவோடு நின்றுபோன பழைய போன்கள் கிளப்பிய பயம் அது. கூகுளின் பிக்சல் 6ஏ போனில் அந்த வகை ஆபத்து ஏறக்குறைய இல்லை. இதில் இருக்கும் ஆபத்து வேறு மாதிரி. 2022 ஜூலையில் ஆண்ட்ராய்டு 12-உடன் வந்த இந்த போன் 13, 14, 15, 16 என்று நான்கு பெரிய அப்டேட்களைப் பார்த்துவிட்டது. 2027 ஜூலை வரை அப்டேட் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் நிறைய. அதனால் கேமரா, டிஸ்ப்ளே எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அப்டேட் வசதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இந்த போனில் சிஸ்டத்துக்கு 'ஏ', 'பி' என்று இரண்டு ஸ்லாட்கள். நீங்கள் 'ஏ'யில் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு 'பி'யில் எழுதப்படுகிறது. எழுதி முடித்து, சரிபார்த்த பிறகுதான் ரீஸ்டார்ட் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் போன் 'பி'யிலிருந்து கிளம்பும். கிளம்பவில்லை என்றால் சில முறை முயன்று பார்த்துவிட்டு, தானாகவே 'ஏ'க்குத் திரும்பிவிடும். எழுதும் நடுவில் சார்ஜ் தீர்ந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆண்ட்ராய்டு 7-இல், 2016-இல் முதல் பிக்சலோடு வந்த ஏற்பாடு இது. 6ஏ-யில் இருப்பது அதன் பிந்தைய வடிவம்: இடத்தை மிச்சப்படுத்த, மாறும் பகுதிகளை மட்டும் சுருக்கித் தனியாக வைத்துக்கொண்டு, புதிய சிஸ்டம் ஒழுங்காகக் கிளம்பிய பிறகு பின்னணியில் ஒன்றாகச் சேர்க்கும். அந்தத் தற்காலிக இடம் உங்கள் 128 ஜிபியிலிருந்தும் போகலாம். இந்த மாடலில் மெமரி கார்டு போட வழியும் இல்லை. எனவே பெரிய அப்டேட்டுக்கு முன்னால் 10 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். செட்டிங்ஸ், சிஸ்டம், சாஃப்ட்வேர் அப்டேட்ஸ் என்று போய் டவுன்லோட் கொடுத்தால், இறங்கும் கோடு சீக்கிரம் நிறைந்துவிடும். அடுத்து வரும் நிறுவும் கோடு நகரவே நகராது. பின்னணி வேலை உங்கள் வேலையை இடிக்கக் கூடாது என்பதற்காக அதன் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். மாதாந்திர பேட்சே அரை மணி நேரம் இழுக்கும். பெரிய பதிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். மாட்டிக்கொண்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். சார்ஜரில் போட்டு, பின் கவரைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ரீஸ்டார்ட் மட்டும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சரி, ஆபத்து எங்கே? இரண்டு ஸ்லாட் இருப்பது சிஸ்டத்துக்குத்தான். உங்கள் படங்கள், சாட், ஆப்களின் தரவு எல்லாம் இருக்கும் பகுதி ஒன்றே ஒன்று. புதிய ஆண்ட்ராய்டு முதல் முறை கிளம்பும்போது அந்தப் பகுதியைத் தன் புதிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த மாற்றத்தில் கோளாறு வந்தால், மாற்று ஸ்லாட் என்ற காப்பீடு அங்கே செல்லாது.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, பிக்சல் 6 முதல் மேலே உள்ள மாடல்களில், ஒரே போனில் இரண்டாவது யூசர் புரொஃபைல் வைத்திருந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். முதன்மை யூசரின் ஸ்டோரேஜே திறக்கவில்லை. சில போன்கள் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. சிலவற்றில் முழு ரீசெட் செய்யச் சொல்லும் திரை வந்து நின்றது. ஒரே யூசர் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்தம் நவம்பரில் வந்தது. 2024 ஜனவரியில் 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' வழியாக இதே மாதிரி இன்னொன்று: கேமரா திறக்காது, உள் ஸ்டோரேஜில் கோப்புகள் தெரியாது. பெயரைக் கவனியுங்கள். இது மாதாந்திர சிஸ்டம் அப்டேட் கிடையாது. அதே சாஃப்ட்வேர் அப்டேட்ஸ் பக்கத்தில் தனி வரியாக இருக்கும் வேறொன்று. சின்னதாகத்தானே இருக்கிறது என்று பலரும் யோசிக்காமல் தட்டிவிடுகிறார்கள்.

ஆகவே செக்யூரிட்டி பேட்ச் என்றால் சில நாட்களுக்குள் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு எண்ணே மாறுகிறது என்றால் மூன்று நான்கு வாரம் பொறுங்கள். பிள்ளைகளுக்கோ விருந்தினருக்கோ தனி யூசர் புரொஃபைல் போட்டிருந்தால், அதிலுள்ளதை எடுத்து வைத்துவிட்டு நீக்கிவிடுவது நல்லது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்ற ஸ்விட்ச் இருக்கிறது. அதை அணைத்து வைத்தால், இறங்கிய அப்டேட் ஏதோ ஒரு ரீஸ்டார்ட்டில் தானாக ஏறாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தெரியவில்லை என்றால், அபௌட் போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்ட வேண்டும்.

பேக்கப் விஷயத்தில் கூகுள் சுமார்தான். 'பேக்கப் நவ்' பட்டன் ஆப் பட்டியல், எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், செட்டிங்ஸ் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருந்தால் படங்களும் பத்திரம். ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பிடிஎஃப், பத்திர நகல், குரல் பதிவு, வாட்ஸ்அப்பில் வந்து அங்கேயே கிடக்கும் கோப்புகள் ஆகியவற்றுக்கு அதை நம்ப முடியாது. அவற்றை கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு எடுப்பதே நம்பகமான வழி. கேபிள் மாட்டியதும் போன் சார்ஜ் மட்டும்தான் ஏறும். நோட்டிஃபிகேஷனை இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால்தான் கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள் தெரியும்.

வாட்ஸ்அப்புக்கு அதன் உள்ளேயே தனி பேக்கப். 2024-லிருந்து அதுவும் உங்கள் இலவச 15 ஜிபிக்குள் கணக்காகிறது. இடம் நிறைந்திருந்தால் பல மாதமாக பேக்கப்பே நடந்திருக்காது. கடைசியாக நடந்த தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். என்கிரிப்டட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய) பேக்கப் போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ கையில் இருக்க வேண்டும். ஜிபே, ஃபோன்பே, வங்கி ஆப்களில் செய்த பதிவு பேக்கப்பில் திரும்பி வராது. ரீசெட் செய்ய நேர்ந்தால் வங்கியில் பதிந்த அதே சிம் போனில் இருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். இ-சிம் வைத்திருப்பவர்கள் ரீசெட் திரையில் இ-சிம்மையும் அழிக்கவா என்ற கட்டத்தில் டிக் போடாமல் விடுங்கள். மறுபடி வாங்க நெட்வொர்க் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த குறை, திரும்பிப் போக முடியாதது. ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, பிடிக்கவில்லை, 13-க்கே போகலாம் என்றால், பூட்லோடரை (போனை ஆன் செய்ததும் முதலில் ஓடி, சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் நிரல்) திறக்க வேண்டியிருந்தது; திறந்தாலே தரவு முழுவதும் அழியும். 12-க்கு அந்த வழியும் கிடையாது. 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13, பிக்சல் 6, 6 புரோ, 6ஏ ஆகிய மூன்றிலும் பூட்லோடரின் பதிப்பு எண்ணை ஏற்றிப் பூட்டியது. பழைய பூட்லோடரில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக அப்படிச் செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கையான பக்க விளைவு. 13 ஏறிய பிறகும் மாற்று ஸ்லாட்டில் பழைய பூட்லோடரே உட்கார்ந்திருக்கும். பிற்பாடு ஏதாவது கோளாறில் போன் அந்த ஸ்லாட்டுக்குத் திரும்பினால், பழைய பூட்லோடரை போன் ஏற்காது, அதோடு டெட். காப்பாற்ற வைத்த ஸ்லாட்டே குழி தோண்டியது. கம்ப்யூட்டர் வழியாகக் கையால் சிஸ்டத்தை ஏற்றுபவர்கள் (ஃபிளாஷ் செய்பவர்கள்) மாற்று ஸ்லாட்டிலும் புதியதை ஏற்றிவிடும்படி கூகுளே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. சாதாரணமாக அப்டேட் போடுகிறவர்களுக்கு அடுத்த மாத அப்டேட்டிலேயே அந்த ஸ்லாட்டும் புதிதாகிவிடும்.

போன் லோகோவோடு நின்றுவிட்டால் மொபைல் கடையில் "சாஃப்ட்வேர் போடணும்" என்பார்கள். போட்டுத் தருவார்கள், ஆனால் பெரும்பாலும் தரவு போய்விடும். ஸ்டோரேஜ் என்கிரிப்ட் ஆனது என்பதால் ரீசெட்டுக்குப் பிறகு எந்தக் கடையிலும் மீட்கவும் முடியாது. அதற்கு முன் செய்ய வேண்டியது சைட்லோட். தரவை அழிக்காமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி எழுதும் வழி இது. பூட்லோடர் பூட்டியிருந்தாலும் வேலை செய்யும். இந்த வசதிக்காகவே பிக்சலுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

கூகுளின் ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் முழு ஓடிஏ கோப்புகள் (மொத்த சிஸ்டமும் அடங்கிய அப்டேட் கோப்புகள்) மாடல் வாரியாக இருக்கின்றன. 6ஏ-யின் சங்கேதப் பெயர் 'புளூஜே'. போனில் இப்போது இருக்கும் பதிப்போ அதைவிடப் புதியதோதான் எடுபடும். பழையதைக் கொடுத்தால் மறுத்துவிடும். கோப்பு சுமார் 2 ஜிபி இருக்கும். இறக்கிய பிறகு, கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று, தளத்தில் பக்கத்திலேயே கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணோடு (கோப்பின் கைரேகை மாதிரி) ஒத்துப் பாருங்கள். அதே தளத்தில் பிளாட்ஃபார்ம் டூல்ஸும் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் 'ஏடிபி' இதில்தான் இருக்கிறது), விண்டோஸ் என்றால் கூகுள் யூஎஸ்பி டிரைவரும் கிடைக்கும்.

போனை அணைத்து, வால்யூம் டவுனையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் ஃபாஸ்ட்பூட் திரை வரும். வால்யூம் பட்டனால் 'ரிக்கவரி மோட்' வரை நகர்த்தி, பவரை அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு பொம்மை மல்லாந்து கிடக்க, 'நோ கமாண்ட்' என்று வரும். பலர் இங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். அது கோளாறு இல்லை. பவரைப் பிடித்தபடியே வால்யூம் அப்பை ஒரு முறை அழுத்தி விட்டால் பட்டியல் திறக்கும். அதில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி'. அதே பட்டியலில் கொஞ்சம் கீழே 'வைப் டேட்டா' இருக்கிறது, நிதானமாக நகர்த்துங்கள். கம்ப்யூட்டரில் 'ஏடிபி டிவைசஸ்' கட்டளை கொடுத்தால் போனின் சீரியல் எண்ணும் பக்கத்தில் 'சைட்லோட்' என்ற சொல்லும் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல் இருக்கட்டும். பவர் பேங்கோடு வரும் பல கேபிள்களில் தரவுக் கம்பியே கிடையாது. பிறகு 'ஏடிபி சைட்லோட்' என்று கொடுத்து, கோப்பின் பெயரைச் சேர்த்து என்டர். கம்ப்யூட்டரில் சதவீதம் 47-லேயே நின்று முடிந்துவிட்ட மாதிரி சில சமயம் காட்டும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போன் திரை என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. அங்கே வெற்றி என்று வந்த பிறகு 'ரீபூட் சிஸ்டம் நவ்'.

மற்ற போன்களோடு வைத்துப் பார்த்தால்? சாம்சங் இரண்டு ஸ்லாட் முறைக்கு வந்தது 2024-இல், கேலக்ஸி ஏ55-இல்தான். அதற்கு முந்தைய கேலக்ஸிகளில் அப்டேட் ஏறும் 10, 20 நிமிடம் போன் உங்கள் கையில் இல்லை. அந்த நேரத்துக்குச் சார்ஜ் கட்டாயம். அங்கேயும் பின்வாங்க முடியாத பூட்டு உண்டு. பதிப்புப் பெயரில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்துதான் பூட்லோடர் எண். அது கூடிவிட்டால் பழையது ஏறாது. ஐபோனில் கம்ப்யூட்டரோடு இணைத்து ரிக்கவரி மோடில் 'அப்டேட்' கொடுத்தால் தரவு அழியாமல் சிஸ்டம் மறுபடி ஏறும். பக்கத்திலேயே இருக்கும் 'ரெஸ்டோர்' எல்லாவற்றையும் அழித்துவிடும். கோப்பு இறங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் போன் ரிக்கவரியை விட்டு வெளியே வந்துவிடும். டவுன்லோட் முடிந்த பிறகு மறுபடி உள்ளே போக வேண்டும். ஆளைப் பதற வைக்காத விதத்தில் ஐபோன் முன்னால் நிற்கிறது. பிரித்து மேய விரும்புகிறவர்களுக்கு பிக்சல்.

6ஏ-க்கு மட்டுமே உரிய ஒரு கசப்பான விஷயம் பாக்கி இருக்கிறது. 2025 ஜூலையில் 6ஏ-க்கு ஒரு கட்டாய அப்டேட் வந்தது. பேட்டரி சூடேறும் அபாயத்தைக் குறைக்க, 400 சார்ஜ் சுழற்சியைத் தாண்டியதும் பாதிக்கப்பட்ட சில போன்களின் பேட்டரி கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் அது குறைத்துவிடும். அதைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டோம். தீப்பிடிக்க வாய்ப்புள்ள பேட்டரியோடு விளையாடக் கூடாது. ஆனால் சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று, காசு கொடுத்து வாங்கிய பேட்டரியின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்மை. பாதிக்கப்பட்ட போன்களுக்கு இலவச பேட்டரி மாற்றத்தைக் கூகுள் அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் 6ஏ பார்க்கிறீர்கள் என்றால் விலை பேசுவதற்கு முன்னால் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கூகுளின் 6ஏ பேட்டரி உதவிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பட்டியலில் இருந்தால், பேட்டரி மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.