வழிகாட்டி நூலா, செல்பேசியா, கைடா? இஸ்தான்புல்லுக்கு எது உதவும்

செல்பேசி கையில் இருக்கும்போது தடித்த புத்தகம் ஒன்றை எதற்காகச் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். எல்லா ஊருக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. நூல், செல்பேசி, உள்ளூர் கைடு ஆகிய மூன்றையும் வைத்து நான் சுற்றிப் பார்த்த ஊர் இஸ்தான்புல் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் சாய்வு நூலின் பக்கம்தான். அதுவும் கடைக்கு வந்த புதுப் பதிப்பு அல்ல, பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த பழைய பதிப்பு.

செல்பேசிக்கு உரியதை முதலிலேயே கொடுத்துவிடலாம். எந்த டிராமில் ஏறுவது, அடுத்த படகு எப்போது, கடை திறந்திருக்கிறதா என்பதிலெல்லாம் புத்தகம் அதன் அருகில்கூட வர முடியாது. டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு விடுமுறை என்பவை இரண்டிலும் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் மசூதிகளுக்குள் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள் என்பதையும் இரண்டுமே சொல்லிவிடும்.

வழிகாட்டி நூலின் மேல் எல்லோரும் வைக்கும் குற்றச்சாட்டு, அச்சகத்தைவிட்டு வெளியே வரும்போதே பழசாகிவிடுகிறது என்பது. இஸ்தான்புல் அளவுக்கு அதை மெய்ப்பிக்கும் ஊர் அதிகம் இருக்காது. 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு நான்கு துருக்கி லிராகூடக் கிடைக்கவில்லை. 2025 நடுவில் அது நாற்பதை ஒட்டி வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பதிப்பில் சாப்பாட்டு விலையைப் படித்தால் பெருமூச்சுதான் வரும். விமான நிலையமே இடம் மாறிவிட்டது. 2019 ஏப்ரலில் அதாதுர்க் நிலையத்தின் பயணிகள் விமானங்கள் அனைத்தும் நகருக்கு வடமேற்கே கட்டிய புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. ‘நகருக்குள் வருவது எப்படி’ என்ற அத்தியாயத்தை அப்படியே கிழித்துப் போடலாம்.

ஆனால் இப்படிக் கெட்டுப்போகும் பக்கங்கள் எவை, கெடாத பக்கங்கள் எவை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நூல் வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். விலை, நேரம், விடுதி, உணவகம், போக்குவரத்து ஆகியவை அழியும் சரக்கு. ஒரு கட்டடம் ஏன் அங்கே நிற்கிறது, அதன் வாசல் எந்தப் பக்கம், உள்ளே போனால் எந்தச் சுவரைப் பார்க்க வேண்டும், எதற்கு அடுத்து எதைப் பார்த்தால் கால் வலிக்காது ஆகியவை அழியாதவை. பழைய பதிப்பில் முதல் வகை முழுவதும் குப்பை. இரண்டாம் வகையில் வீணாகும் வரி அபூர்வம்.

ஹாகியா சோபியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜஸ்டினியன் பேரரசர் 537இல் கட்டி முடித்த தேவாலயம் அது. 1453இல் மசூதியானது, 1935இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது, 2020 ஜூலையில் மறுபடியும் மசூதியானது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம். தனி வாசல் வழியாக மேல் மாடத்துக்கு மட்டும் போகலாம், கீழ்த்தளம் தொழுகைக்கு உரியது. என்னிடம் இருந்த பதிப்பு 2020க்கு முந்தியது. அதில் இருந்த கட்டணம், வரிசை, நுழைவாயில் அத்தனையும் தவறு. ஆனால் மேல் மாடத்தைப் பற்றிய பக்கங்களில் ஒன்றும் பழுதில்லை. சொல்லப்போனால், பயணிகளுக்கு விடப்படும் பகுதியே அதுதான் என்று ஆனபிறகு அந்தப் பக்கங்களின் மதிப்பு கூடியிருக்கிறது.

அந்த மாடத்தின் தெற்குப் பகுதியில் இயேசு, மரியாள், திருமுழுக்கு யோவான் மூவரையும் காட்டும் மொசைக் ஓவியம் இருக்கிறது. அதன் கீழ்ப்பாதி உதிர்ந்துபோய்விட்டது, முகங்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. அதன் எதிரே தரையில் ஒரு கல்லில் டாண்டோலோ என்ற பெயர். 1204இல் இதே நகரைச் சூறையாடிய சிலுவைப் படையை நடத்தி வந்த வெனிஸ் ஆட்சித் தலைவர் அவர். மறு வருடம் இங்கேயே இறந்து, இந்தக் கூரையின் கீழேயே அடக்கம் செய்யப்பட்டார். கல் பிற்காலத்தில் வைத்தது. அப்படியே நடந்தால் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் கிறுக்கல் போன்ற கீறல்கள் தெரியும். பேரரசரின் காவல் படையில் வேலை பார்த்த வட ஐரோப்பிய வைக்கிங் வீரர் ஒருவர் தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்கிறார்கள். நம் ஊர்க் கோயில் தூணில் பெயர் எழுதுபவர்களுக்கு முன்னோடி! இந்த மூன்றும் சில பத்தடி தூரத்துக்குள் இருக்கின்றன. செல்பேசியில் தேடினாலும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் தேடுவதற்கு அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிய வேண்டும். பயணிகள் எழுதும் மதிப்பீடுகளில் நான் படித்தவை பெரும்பாலும் கட்டணத்தையும் வரிசையையும் பற்றிய புலம்பல்கள். 25 யூரோ கொடுத்து மேலே வந்து, குவிமாடத்தைப் படம் பிடித்துக்கொண்டு உடனே இறங்கிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குத்தான் வயிறு எரிகிறது.

இன்னொரு இடம் ருஸ்தம் பாஷா மசூதி. எமினோனு படகுத் துறையிலிருந்து மசாலாச் சந்தையைத் தாண்டி நடந்தால், காப்பிப்பொடி, மசாலா, பாத்திரம் என்று அடைத்துக்கொண்டு நிற்கும் கடைத்தெருவில் செல்பேசி ‘வந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும். மசூதி கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அது தலைக்கு மேலே இருக்கிறது. சந்தை நெரிசலில் இடம் இல்லாமல், கட்டடக் கலைஞர் சினான் கீழே கடைகளைக் கட்டி அதன்மேல் மசூதியை எழுப்பினார். கடை வாடகை மசூதியின் பராமரிப்புக்கு. கடைகளுக்கு நடுவில் இருக்கும் குறுகிய படிக்கட்டுதான் வாசல், அதைக் கடை என்று நினைத்துக் கடந்துபோவது எளிது. மேலே ஏறினால் சுவர், தூண் என்று பார்த்த இடமெல்லாம் இஸ்னிக் என்ற ஊரின் பீங்கான் ஓடுகள், வெள்ளையில் நீலத் துலிப் பூக்களும் நடுநடுவே தக்காளிச் சிவப்பும். பதினாறாம் நூற்றாண்டின் இந்தப் படிக்கட்டு அடுத்த பதிப்புக்குள் இடம் மாறிவிடப் போவதில்லை. நூலில் இதற்கு இரண்டு வரி இருந்தது, அது போதுமாக இருந்தது.

ஆகவே எந்த நூலை வாங்குவது என்று கேட்டால், பதிப்பு ஆண்டைப் பார்க்காதீர்கள் என்பேன். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, அதில் அழியும் சரக்கு எவ்வளவு என்று பாருங்கள். விடுதிப் பட்டியலும் உணவகப் பட்டியலும் பாதி நூலை அடைத்துக்கொண்டிருந்தால் வைத்துவிடலாம். ஒரு சதுக்கத்தில் தொடங்கி இன்னொரு சதுக்கத்தில் முடியும் நடைப்பயணமாக அத்தியாயங்கள் அமைந்திருந்தால், பத்து வருடப் பழசு என்றாலும் துணிந்து வாங்கலாம். கட்டடங்களின் உட்புறப் படம் இருந்தால் இன்னும் நல்லது.

உணவுப் பகுதியில் மட்டும் கடைப் பெயர்களை விட்டுவிட்டு, எந்த உணவில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பக்கத்தைப் படியுங்கள். நம்மில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு அது மிகவும் உதவும். சீ கொஃப்தே என்ற பெயரைப் பார்த்ததும் இறைச்சி என்று ஒதுங்கத் தோன்றும். தெருக்கடைகளில் விற்பது உடைத்த கோதுமையில் மிளகாய், தக்காளி விழுது சேர்த்துப் பிசைந்தது, இறைச்சி கிடையாது. அதே சமயம், பார்ப்பதற்கு நம் பருப்புத் தண்ணீர் போலவே இருக்கும் பருப்பு சூப்பில் சில இடங்களில் இறைச்சிச் சாறு கலப்பதுண்டு. அதைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

கைடு விஷயத்தில் என் அனுபவம் குறைவு. டோப்காபி அரண்மனையில் மட்டும் ஒருவரை அமர்த்திக்கொண்டேன். அந்தப்புரத்தில் யார் எந்த அறை வரை போகலாம் என்று அவர் விளக்கிய விதம் எந்தப் புத்தகத்திலும் வராது, கேள்வி கேட்டால் பதிலும் வரும். ஆனால் அவருடைய வேகத்தில்தான் நாம் நடக்க வேண்டும், பிடித்த இடத்தில் கூடுதலாக நிற்க முடியாது. பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப்போகிறவர்களுக்கு அவரே சிறந்த வழியாக இருக்கலாம், நான் அப்படிப் போனதில்லை. அமர்த்துவதானால் கழுத்தில் அரசு உரிம அட்டை தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கியில் உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் செய்யக் கூடாது. சுல்தானகமத் சதுக்கத்தில் தானாக வந்து பேச்சுக் கொடுத்து வழி காட்டுபவர் பல நேரம் கம்பளக் கடையில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

நூல் முற்றிலும் தோற்கும் பகுதியும் உண்டு. பாஸ்பரஸ் நீரிணையைத் தாண்டி ஆசியக் கரைக்குப் படகில் போனால் கடிக்கோய். என் நூலில் அதற்குச் சில பக்கங்கள்தான், அவற்றிலும் பாதி அழியும் சரக்கு. பெரிய நினைவுச் சின்னங்கள் இல்லாத, சாப்பிடவும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் ஏற்ற பகுதி அது. அங்கே நூலைப் பையில் போட்டுவிட்டுச் செல்பேசியை எடுத்துக்கொள்ளலாம். மீன் சந்தையைச் சுற்றியுள்ள சந்துகளில் கடைகள் மாறும் வேகத்துக்கு எந்தப் பதிப்பும் ஈடுகொடுக்காது.